செவலைக்கு வீடு தேடுகிறோம்: போன் செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற சின்னக் காப்பகத்தில் செவலை என்று ஒரு பெண் நாய் இருக்கிறாள். ரொம்பக் கூச்சம், பயம். ‘நாய் வளர்த்த அனுபவம் உள்ள வீட்டுக்கு மட்டும்’ என்று அவள் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டதிலிருந்து சத்துவாச்சாரி, காட்பாடி, ஆற்காடு, ஆம்பூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் போன் வருகிறது. கேட்கிறவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாதிப் பேர், இவ்வளவு சாதுவாக இருக்கிற நாய்க்கு எதற்கு இத்தனை நிபந்தனை என்றும் கேட்கிறார்கள். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம். கொஞ்சம் நீளம்தான். அவளைக் கூட்டிப் போக நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

செவலை எங்கிருந்து வந்தாள்? ஏன் இவ்வளவு பயம்?

ராணிப்பேட்டை பக்கம் மூடிக் கிடந்த ஒரு குடோனில் குட்டியிலிருந்தே கட்டிப் போட்டு வளர்ந்தவள். காவலுக்கு இருந்தவர் ராத்திரியில் சோறு வைத்துவிட்டுப் போவார். அவள் பார்த்த மனித முகம் அது ஒன்றுதான். குடோன் கை மாறியபோது எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நாட்டு நாய், செம்மண் நிறம், பல்லைப் பார்த்து மூன்று வயது இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கருத்தடை ஆகிவிட்டது, வெறிநோய்த் தடுப்பூசியும் மற்ற தடுப்பூசிகளும் போட்டாயிற்று.

யாரோ அடித்துத் துன்புறுத்தியிருப்பார்கள் என்று எல்லோரும் உடனே சொல்கிறார்கள். அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குட்டி பிறந்து 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைக்கும்தான் அதன் மனசு புது விஷயங்களைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் காலம். அப்போது குழந்தைகள், வண்டி, குக்கர் விசில், தாடி வைத்தவர், குடை பிடித்தவர் என்று பார்த்துப் பழகிய குட்டிக்குப் பிற்பாடு இதெல்லாம் சாதாரணம். அந்த வயதில் ஒரு சுவரையும் ஒரு தகரக் கதவையும் மட்டும் பார்த்து வளர்ந்தால் உலகமே புதுசாகத்தான் இருக்கும், அதுவும் மூன்று வயதில். இதில் தாய் வழியாக வரும் சுபாவமும் கொஞ்சம் சேரும். அவளை யாரும் அடிக்காமலேயே இருந்திருக்கலாம். ஆனால் தனியாக விட்டதே போதுமான கெடுதல் செய்துவிட்டது.

நேரில் வந்து பார்த்தோம். தடவினோம், அசையாமல் படுத்திருந்தாள். ரொம்பச் சாதுவான நாய்தானே?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயந்த நாய்களைப் பற்றி எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். அவள் அசையாமல் படுத்திருந்தது பிடித்துப்போய் அல்ல. ஓட வழியில்லை, அதனால் உறைந்து போய்விட்டாள். அடுத்த தடவை வரும்போது அவள் தலையை மட்டும் கவனித்துப் பாருங்கள். உங்கள் கை நீண்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்புவாள், கண் மட்டும் உங்கள் பக்கமே இருக்கும், அதனால் ஓரத்தில் வெள்ளை விழி பிறை மாதிரி தெரியும். சாப்பாடு எதுவும் இல்லாதபோதே நாக்கு வெளியே வந்து மூக்கை ஒரு தடவை நக்கிவிட்டு உள்ளே போகும். தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவாள். காது பின்னால் ஒட்டியிருக்கும், வால் வயிற்றுக்கடியில் இருக்கும், ஒரு முன்னங்கால் தரையில் படாமல் லேசாகத் தூக்கியிருக்கும். இது எல்லாமே ‘போதும், தள்ளிப் போ’ என்று அவள் சொல்வதுதான்.

இப்படி உறைந்து கிடக்கும் நாயைச் சாது என்று நினைத்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். பத்துப் பதினைந்து நாளில் நாய்க்குக் கொஞ்சம் தெளிவு வந்து, தள்ளிப் போ என்பதை உறுமிச் சொல்ல ஆரம்பிக்கும். உடனே ‘நாய் மாறிவிட்டது’ என்று போன் வரும். நாய் மாறவில்லை. அப்போதுதான் பேசவே ஆரம்பிக்கிறது.

அப்படியென்றால் கடிக்குமா?

செவலை இதுவரை யாரையும் கடித்ததில்லை. கடிக்கவே கடிக்காது என்று எழுதிக் கொடுக்க மாட்டோம், எந்த நாய்க்கும் அப்படி யாரும் எழுதிக் கொடுக்கக் கூடாது. மூலையில் மடக்கி, தப்பிக்க வழி விடாமல், மேலே குனிந்து பிடித்தால் எவ்வளவு சாதுவான நாயும் பல்லைக் காட்டும். அவள் உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அதட்டி அடக்கிவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் நேராகப் பல் படும். அவள் உறுமும்போது நீங்கள் பின்னால் நகர்ந்துகொண்டால் போதும்.

பொதுவான ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். எந்த நாய் கடித்தாலும், பல் பட்டு லேசாகக் கீறியிருந்தாலும், ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள், கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம். வெறிநோய் அறிகுறி காட்ட ஆரம்பித்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்தே கிடையாது. ஊசியை முறைப்படி போட்டுக்கொண்டால் வராமல் தடுத்துவிடலாம்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே நாய் இருக்கிறது. ராஜபாளையம் வளர்த்திருக்கிறோம். இந்த அனுபவம் போதாதா?

போதலாம், போதாமலும் இருக்கலாம். எத்தனை வருஷம் வளர்த்தீர்கள் என்பதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல தைரியமான ராஜபாளையத்தையோ சிப்பிப்பாறையையோ குட்டியிலிருந்து வளர்த்தவருக்கு, தன்னைக் கண்டு ஒளிந்துகொள்ளும் நாயோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படிப்பட்டது என்றே தெரியாமல் இருக்கலாம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து மேலே விழுகிற நாய்க்குப் பழகியவர்களுக்கு இது மனசை உடைக்கும். நாம் இவ்வளவு செய்கிறோம், இது நம்மைப் பார்த்துக் கட்டிலுக்கடியில் போகிறதே என்று இருக்கும். சிலருக்குக் கோபமும் வரும்.

நாங்கள் கேட்கும் கேள்விகள் வேறு. ஒரு நாய் உங்களிடம் வராமல் ஒரு மாதம் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இதற்கு ‘பிடித்து மடியில் உட்கார வைத்துப் பழக்கிவிடுவோம்’ என்று பதில் வந்தால், எத்தனை நாய் வளர்த்தவராக இருந்தாலும் செவலையைக் கொடுக்க மாட்டோம். ‘என்ன பண்றது, வரும்போது வரட்டும்’ என்று சொல்கிறவர் பாதித் தேர்வில் பாஸ். அடுத்தது, நீங்கள் வளர்த்த நாய் உங்கள் கையை விட்டு எப்போதாவது ஓடியிருக்கிறதா, எப்படித் திரும்பப் பிடித்தீர்கள்? இதற்கு ஒருவர் சொல்லும் பதிலிலேயே அவருக்கு நாயின் மனசு எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடும். அப்புறம் வீட்டில் உள்ள மற்றவர்கள். நீங்கள் பொறுமைசாலியாக இருப்பீர்கள், உங்கள் மாமனார் கழியை எடுத்துத் தட்டுகிறவராக இருந்தால் அது நடக்காது. வீட்டில் இருக்கிற எல்லோரோடும் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் முடிவு சொல்கிறோம். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதுவரை நாயே வளர்க்காமல், பாகாயம் பக்கம் தெருவில் தினமும் நாய்களுக்குச் சோறு வைத்து, பயந்த நாயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போடும் அளவுக்குப் பழக்கிய ஓர் அம்மாவை எங்களுக்குத் தெரியும். எங்கள் கணக்கில் அதுதான் அனுபவம்.

இவ்வளவு கஷ்டம் என்றால் தெருவிலேயே விட்டுவிடலாமே? மற்ற நாய்களோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளாதா?

முடியாது. 2023ஆம் ஆண்டு விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடைக்காகப் பிடித்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். அது அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த நாய்க்கு. செவலைக்கு அப்படி ஒரு தெருவே கிடையாது. புது இடத்தில் விட்டால் அங்கே உள்ள கூட்டம் முதல் ராத்திரியே கடித்துத் துரத்தும். வளர்ப்பு நாயைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, காப்பகத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே?

இருக்கலாம். ஆனால் காப்பகத்தில் ஒரு நாய் குலைத்தால் நாற்பது நாய் குலைக்கும். பயந்த நாய்க்கு அது ஓயாத நெருக்கடி. ஆட்கள் மாறி மாறி வருவோம், ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி தினமும் பக்கத்தில் உட்காருவது எங்களால் முடிவதில்லை. அவளுக்கு வேண்டியது அதுதான்.

நிலத்தில் மோட்டார் கொட்டகை இருக்கிறது. காவலுக்குக் கேட்கிறோம், கொடுப்பீர்களா?

அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி. குப்பம் பக்கமிருந்து இந்தக் கேள்வி நிறைய வருகிறது. மன்னிக்க வேண்டும், மாட்டோம். பயந்த நாய் காவல் காக்காது, ஆள் வந்தால் ஓடி ஒளியும். கட்டிப் போட்டால் மறுபடியும் அந்தக் குடோன் வாழ்க்கைதான். குடியாத்தம், பேரணாம்பட்டு மலையடிவாரத்தில் சிறுத்தை இறங்கி வந்து கட்டிப் போட்ட நாயைத் தூக்கிப் போவது உங்களுக்குப் புதுசு இல்லை. தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடும்பத்தோடு இருக்கிறீர்கள், ராத்திரி நாய் வீட்டுக்குள் படுக்கும் என்றால் அது வேறு விஷயம், தாராளமாகப் பேசலாம். ஊர்ச் சத்தம் இல்லாத அப்படி ஓர் இடம் அவளுக்கு ரொம்ப நல்லது.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பத்து வயதுக்குக் கீழே இருந்தால் வேண்டாம். குழந்தைகள் ஓடும், கத்தும், கட்டிப்பிடிக்கும், அது அவர்கள் தப்பு இல்லை. உங்களுக்கு ஏற்ற வேறு நாய்கள் எங்களிடம் இருக்கின்றன, வந்து பாருங்கள்.

ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று இல்லை, எங்களுக்கு அதுதான் முதல் விருப்பம்! செவலைக்கு மனிதர்களிடம்தான் பயம், நாய்களிடம் இல்லை. உங்கள் நாய் ஆட்களிடம் நன்றாகப் பழகுகிற, சண்டைக்குப் போகாத நாயாக இருந்தால் அது உங்களிடம் வந்து படுப்பதைப் பார்த்தே அவள் பாதி கற்றுக்கொள்வாள். இரண்டையும் நேராக வீட்டில் கொண்டுபோய்ச் சந்திக்க விட வேண்டாம். வெளியே பொதுவான ஓர் இடத்தில், அதிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது, கொஞ்சம் தள்ளித் தள்ளி ஒரே திசையில் நடக்க வைத்துப் பழக்கலாம், நாங்களும் கூட வருவோம். சாப்பாட்டுத் தட்டு மட்டும் எப்போதும் தனித்தனி அறையில்.

வாடகை வீடு, அபார்ட்மெண்ட்?

வீட்டுக்காரர் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வாருங்கள். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்கு ஒட்டுமொத்தத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனாலும் சட்டம் பேசி சண்டை போட்டுக்கொண்டு ஒரு பயந்த நாயை வளர்ப்பது நாய்க்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. மாடி வீடு என்றால் படிக்கட்டு அவளுக்குப் பழக்கமில்லை, லிப்டும் தெரியாது. தரைத்தளமும் சுற்றுச்சுவரும் இருந்தால் நல்லது.

காட்பாடி பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள். படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது நாய் எங்கே போகும் என்பதற்கு வீட்டுப் பெரியவர்களிடமிருந்து பதில் இருந்தால் மட்டும் பேசலாம்.

கூட்டிப் போன முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

முடிந்தவரை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். இதுதான் பலருக்கு முடியாத காரியம்.

வீட்டில் ஆள் நடமாட்டம் குறைவான ஓர் அறையை, அல்லது ஹாலில் ஒரு மூலையை அவளுக்கென்று விட்டுவிடுங்கள். ஒரு மேஜையின் மூன்று பக்கமும் பழைய புடவையைத் தொங்கவிட்டால் போதும், ஒளிந்துகொள்ள இடம் ஆகிவிடும். உள்ளே இருக்கும்போது யாரும் கையை விட்டு இழுக்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் வேண்டாம். தண்ணீரும் சாப்பாடும் பக்கத்திலேயே இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு எழுந்து வந்து சாப்பிடுவாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு நாள் தாண்டினால் எங்களுக்குச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் புது நாயைப் பார்க்க வருகிறோம் என்பார்கள், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிப்பாட்ட வேண்டாம், நாங்களே சுத்தமாக அனுப்புகிறோம்.

நீங்கள் தினமும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதே அறையில், அவளுக்குப் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். பேப்பர் படியுங்கள், போன் பாருங்கள், கீரை ஆய்ந்துகொண்டிருங்கள். அவளைப் பார்க்காதீர்கள். அவ்வப்போது வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை அவளுக்கு அந்தப் பக்கம், அதாவது உங்களை விட்டு விலகிய பக்கமாகப் போடுங்கள். அவள் அதை எடுக்க உங்களிடமிருந்து தள்ளிப் போவாள், தின்றுவிட்டு அடுத்தது வருமா என்று தானாகவே ஓர் அடி உங்கள் பக்கம் வருவாள். மறுபடியும் பின்னாலேயே போடுங்கள். கையில் வைத்து நீட்டினால் ஆசையும் பயமும் ஒன்றோடொன்று மோதும், கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்காலைப் பின்னாலேயே ஊன்றிக்கொண்டு, வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடுவாள். அப்படி எடுத்ததை நம்பிவிட்டாள் என்று எண்ண வேண்டாம். உடம்பு முழுக்கத் தளர்ந்து, நான்கு காலும் அவள் பாட்டுக்கு நடந்து பக்கத்தில் வந்தால்தான் வந்ததாகக் கணக்கு. அந்த நாள் வந்தாலும் உடனே தலையில் கை வைக்காதீர்கள். தலைக்கு மேலே வரும் கைதான் அவளுக்குப் பெரிய பயம், முதலில் தாடைக்குக் கீழே, மார்பில், ஒரு நொடி தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் வேண்டும் என்றால் அவளே கிட்டே வருவாள்.

பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் இன்னும் கூடும் என்கிறார்களே?

அது பழைய நம்பிக்கை. அவளாக உங்களைத் தேடி வந்தால் தாராளமாக ஆறுதல் கொடுங்கள். ஒளிந்திருக்கும் நாயை இழுத்து வைத்துத் தடவுவதுதான் கூடாது.

என்ன சாப்பாடு கொடுப்பது?

அவளுக்கு நாங்கள் சோறு, வேகவைத்த கோழி, கொஞ்சம் பூசணி அல்லது கேரட், சில நாள் தயிர் சோறு, முட்டை என்று கொடுக்கிறோம். உப்பு, காரம் இல்லை. டீக்கடை பொறை என்றால் உயிர், ஆனால் அதில் சத்து ஒன்றும் இல்லை, பழக்குவதற்கு மட்டும் துண்டு துண்டாக உடைத்துப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம் வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். திராட்சையும் சாக்லேட்டும் விஷம். காய்ச்சல் என்று நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுப்பது அதைவிட ஆபத்து.

வாக்கிங் எப்போது கூட்டிப் போகலாம்?

முதல் சில வாரங்கள் வேண்டாம், வீட்டுக்குள்ளும் காம்பவுண்டுக்குள்ளும் போதும். அதற்குப் பிறகும் கழுத்துப்பட்டை மட்டும் போட்டுக் கூட்டிப் போகாதீர்கள். பயந்த நாய் முன்னால் இழுக்காது, பின்வாங்கும். பின்வாங்கினால் சாதாரணப் பட்டை தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும், நம் நாட்டு நாய்களுக்குத் தலை வேறு குறுகல். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் ஒன்று, இழுத்தால் அளவோடு இறுகும் கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. இரண்டையும் நாங்களே தருகிறோம். நம் ஊர் வெயிலில் சித்திரை, வைகாசியில் தார் ரோடு காலைச் சுடும். புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அவளாலும் முடியாது. விடியற்காலையில் போய்விட்டு வந்துவிடுங்கள்.

கேட் திறந்திருந்து ஓடிவிட்டால் என்ன செய்வது?

இதுதான் எங்களைத் தூங்கவிடாத கேள்வி. புது வீட்டுக்குப் போன பயந்த நாய்கள் ஓடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். பால்காரர், கேஸ் சிலிண்டர், கூரியர், யாராவது கேட்டைத் திறந்த அந்த ஒரு நொடி. சத்துவாச்சாரி, கொணவட்டம் பக்கம் வீடு என்றால் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருக்கிறது, காட்பாடி என்றால் தண்டவாளம். அதனால் கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில் இன்னொரு தடுப்பு இருக்கிறதா என்று நாங்கள் வந்து பார்ப்போம். கம்பி இடுக்கு அகலமாக இருந்தால் வலை அடிக்கச் சொல்வோம். கழுத்தில் உங்கள் போன் நம்பர் பொறித்த வில்லை ராத்திரியும் கழற்றக் கூடாது.

ஓடியே விட்டால், துரத்தாதீர்கள். பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். தெருப் பையன்களைக் கூட்டிக்கொண்டு சுற்றி வளைக்காதீர்கள். துரத்துகிற கூட்டத்தில் உங்கள் முகம் அவளுக்குத் தனியாகத் தெரியாது, ஓடுகிற நாய் பாலாற்று மணலைத் தாண்டி எங்கேயோ போய்விடும். உடனே எங்களுக்குப் போன் செய்யுங்கள், நடு ராத்திரி என்றாலும் பரவாயில்லை. அவள் படுத்த துணியையும் நீங்கள் உடுத்திய சட்டையையும் வாசலில் போடுங்கள், வாசனையுள்ள சாப்பாடு வையுங்கள், கேட்டைத் திறந்தே வைத்துவிட்டு விளக்கை மங்கலாக்கிவிட்டு உள்ளே இருங்கள். தெருமுனை டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பால் பூத், இந்த மூன்று இடத்தில் படத்தைக் காட்டி ‘பார்த்தால் பிடிக்க வேண்டாம், எந்தப் பக்கம் போனது என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூரத்தில் பார்த்துவிட்டால் நீங்கள் கீழே உட்கார்ந்துகொள்ளுங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பொறையை உடைத்துப் போடுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதைக் கயிற்றில் கூட்டிப் போங்கள், பல சமயம் அதைப் பார்த்துத்தான் திரும்பி வருவாள்.

தீபாவளிக்கு என்ன செய்வீர்கள்?

தீபாவளிக்கு மட்டும் இல்லை. நம் ஊரில் சாவு ஊர்வலத்துக்கு வெடி, மாசியில் மகா சிவராத்திரியை ஒட்டி வரும் மயானக் கொள்ளைக்குப் பம்பை மேளத்தோடு பாலாற்றங்கரைக்குப் போகிற கூட்டம், தை பிறந்ததும் கிராமங்களில் மாடு விடும் விழா, குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு. இதெல்லாம் நம் ஊர்க் கொண்டாட்டம், நடக்கத்தான் வேண்டும். நாம்தான் தயாராக இருக்க வேண்டும். ஜன்னல் இல்லாத உள் அறை, இல்லாவிட்டால் பாத்ரூம், ஃபேன் முழு வேகத்தில், டிவி சத்தம் கொஞ்சம் கூடுதலாக, அவளோடு வீட்டில் ஒருவர். தீபாவளிக்கு வெடி வெடிக்க அரசு கொடுக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெருவில் அதற்கு முன்னும் பின்னும் வெடிப்பார்கள், அதனால் முந்தின நாள் மாலையிலிருந்தே உள்ளே வைத்துவிடுங்கள். ரொம்ப நடுங்குகிற நாய்க்கு டாக்டர் முன்கூட்டியே மருந்து எழுதித் தருவார், அதை வெடிச் சத்தம் தொடங்கும் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

தினமும் மாத்திரை கொடுத்து பயத்தைப் போக்க முடியாதா?

சில நாய்களுக்கு நல்ல பலன் கொடுக்கிறது. கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், நாமே மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. மருந்து பயத்தைக் குறைத்து, கற்றுக்கொள்ள இடம் கொடுக்கும். கற்றுக்கொடுக்கும் வேலை அப்போதும் உங்களுடையதுதான். செவலைக்கு இதுவரை தேவைப்படவில்லை.

மாதம் என்ன செலவு ஆகும்?

சாப்பாட்டுச் செலவு உங்கள் வீட்டுக் கறிக்கடைக் கணக்கைப் பொறுத்தது. அது போக வருஷா வருஷம் தடுப்பூசி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடற்புழு மருந்து, உண்ணிக்கு மருந்து. உண்ணியை நம் ஊரில் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து போன நாய்களை நிறையப் பார்க்கிறோம். சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால், ஈறு வெளுத்திருந்தால், உடனே டாக்டரிடம் போக வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனையில் செலவு குறைவு, ஆனால் கூட்டமும் மாடுகளும் இருக்கும், அதனால் முதல் வருஷம் வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டரை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. நாங்கள் பணம் எதுவும் வாங்குவதில்லை.

சென்னை, பெங்களூருவுக்குக் கொடுப்பீர்களா?

வீடு சரியாக இருந்தால் கொடுப்போம். வீட்டை வந்து பார்ப்போம். ரயிலில் என்றால் ஏசி முதல் வகுப்பில் கூபேயையோ கேபினையோ முழுசாக எடுத்தால்தான் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள முடியும், இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்ப் பெட்டியில்தான் போட வேண்டும். செவலையை அந்தப் பெட்டியில் போட எங்களுக்கு மனசு வராது. காரில் கூட்டிப் போங்கள்.

எத்தனை நாளில் பழகுவாள்?

காப்பகக்காரர்கள் பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள்: மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் புரியும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று தோன்றும் என்று. சாதாரண நாய்க்கு அது ஏறக்குறைய சரி. செவலைக்கு இதை இரண்டு மூன்று மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் ஆனாலும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவள் மேஜைக்கடியில்தான் இருப்பாள். கடைத்தெருவுக்குக் கூட்டிப் போகிற நாயாக, வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுக்கிற நாயாக அவள் ஒருநாளும் ஆகாமல் போகலாம். வீட்டில் உள்ள இரண்டு பேருக்கு மட்டும் வாலாட்டும் நாயாக இருந்தாலும் போதும் என்று உங்களுக்குத் தோன்றினால் பேசுங்கள். எங்களிடம் இப்போது அவள் வாலாட்டுவது சோறு வைக்கிற ஒருவருக்குத்தான், அதுவும் அவர் முதுகைக் காட்டித் திரும்பிய பிறகு.

சரிப்பட்டு வராவிட்டால்?

எங்களிடம் திருப்பிக் கொடுங்கள். எப்போது வேண்டுமானாலும், காரணம் எதுவாக இருந்தாலும். வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்கிறோம். ஒருவருக்கு முடியவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, முடியாது என்று தெரிந்தும் மொட்டை மாடியில் கட்டிப் போட்டு வைப்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

எங்களால் வளர்க்க முடியாது. வேறு விதத்தில் உதவலாமா?

கண்டிப்பாக. வாரத்தில் ஏதாவது ஒரு நாள், ஆனால் எல்லா வாரமும் அதே நாள் அதே நேரம், ஒரு மணி நேரம் வந்து செவலையின் கூண்டுக்குள் சும்மா உட்கார்ந்து படித்துவிட்டுப் போக ஆள் வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு நல்ல இடம். பழைய புடவை, போர்வை, அரிசி, முட்டை எதுவும் வாங்கிக்கொள்வோம். வருகிறவர்கள் கேட்டைத் தட்டாமல் வெளியே நின்று போன் செய்யுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்தால் நல்லது, ஏழரைக்கு மற்ற நாய்களுக்குச் சோறு வைப்போம், அதற்குப் பிறகு அங்கே யாராலும் ஒரு வரி படிக்க முடியாது.